தற்செயல் என்னும் கதை

பேஸ் கிதார் வாசித்த பெண்களைப் பற்றி எழுதுபவர்கள் கரோல் கேயிடமிருந்துதான் தொடங்குவார்கள். அவரைப் பற்றிச் சொல்வதும் பெரும்பாலும் ஒரே கதையைத்தான். 1963இல் ஹாலிவுட்டின் கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸில் ஓர் ஒலிப்பதிவு. பேஸ் வாசிக்க வேண்டியவர் வரவில்லை. கிதார் கலைஞரான கரோலை அந்த இடத்தில் வாசிக்கச் சொன்னார்கள். பிறகு பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) உட்பட அந்தக் காலத்தின் எண்ணற்ற பதிவுகளில் அவருடைய பேஸ் ஒலித்தது.

நடந்தது உண்மை. ஆனால் கதையை அங்கே தொடங்குவது யாருடைய தேர்வு? ஓர் ஆண் வராமல் போனதில் ஒரு பெண்ணின் வரலாறு ஆரம்பமாகிறது. அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகள் காணாமல் போகின்றன.

அந்த ஆண்டுகளில் என்ன இருந்தது? 1935இல் பிறந்த கரோலுக்குப் பதின்மூன்று வயதில் அம்மா ஒரு கிதார் வாங்கித் தந்தார். வசதியில்லாத வீடு அது. ஓர் ஆசிரியரிடம் தனியாகப் பாடம் கற்றார். பதினான்கு வயதிலேயே காசுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஐம்பதுகளில் லாஸ் ஏஞ்சலீஸின் ஜாஸ் விடுதிகளில் வாசித்தார். 1957 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் கிதார் வாசித்துச் சம்பாதித்தார்.

பேஸ் கிதாரின் நான்கு தந்திகள் கிதாரின் கீழ் நான்கு தந்திகளுக்குரிய அதே ஸ்வரங்களில், ஒரு ஸ்தாயி தாழ்த்தி, சுருதி சேர்க்கப்படுபவை. எந்தக் கார்டில் எந்த ஸ்வரங்கள் அடங்கும் என்று விரல்களுக்கே தெரிந்திருந்தவருக்கு அந்தக் கருவி முற்றிலும் அந்நியமல்ல. அன்று கை கொடுத்தது படிப்பு. பேஸிலேயே அவர் தங்கிவிட்டதற்கும் கணக்கு உண்டு: பாட்டுக்குப் பாட்டு மாற்ற மூன்று நான்கு கிதார்களைச் சுமப்பதைவிட ஒரு பேஸைத் தூக்கிச் செல்வது எளிது. பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே வேலைக்குப் போன பெண்ணின் கணக்கு அது.

பேஸ் என்பது கேட்கப்படாமல் தாங்கி நிற்கும் ஒலி, ஆகவே அது பெண்மையின் உருவகம் என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வீட்டில் கூலியில்லாமல் உழைப்பவளின் பொறுமையை ஒரு தொழிலாளியின் திறமைமேல் போர்த்துகிறது இந்த உருவகம். கரோல் கூலி பேசி வாசித்தவர்.

1969இல் எலெக்ட்ரிக் பேஸ் வாசிப்பதற்கான பாடநூலை எழுதி வெளியிட்டார். பல பத்தாண்டுகள் தனி மாணவர்களுக்குக் கற்பித்தார். ஸ்கேல்களை மேலும் கீழும் ஓட்டிப் பழகுவதைவிடக் கார்டுக்குள் இருக்கும் ஸ்வரங்களை அறிவதே முக்கியம் என்பது அவருடைய பாடமுறை. ஒலிப்பதிவின் புகழ் பேசப்படும் அளவுக்கு இந்த ஆசிரியப் பணி பேசப்படுவதில்லை. ஆண் கலைஞருக்கு குருவும் சீடர்களும் சேர்ந்து பரம்பரை ஆகிறார்கள். பெண்ணுக்கோ அதிர்ஷ்டம் வாய்க்கிறது, அல்லது அவள் 'சுயம்பு' ஆகிறாள். பெண் கவிஞர்களைப் பற்றிய தமிழ் விமர்சனத்திலும் இதே பழக்கம் உண்டு. அவள் கவிதை 'பீறிட்டு' வருகிறது. யாப்பு படித்ததும் அடித்தடித்துத் திருத்தியதும் கணக்கில் வருவதில்லை.

2025இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அறிவித்த கௌரவத்தைக் கரோல் மறுத்தார். ஒலிப்பதிவுக் கலைஞர்கள் செய்த வேலையை அது பிரதிபலிக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. தொண்ணூறு வயதிலும் தன் உழைப்புக்கு யார் பெயரிடுவது என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு பெண் கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பைப் படிக்கும் மாணவியர் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: இவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்? அதற்கான காசு எங்கிருந்து வந்தது? இவள் யாருக்குக் கற்றுக்கொடுத்தாள்? மூன்றுக்கும் பதிலில்லாத குறிப்பு என்றால், அதை இன்னும் யாரும் எழுதி முடிக்கவில்லை.