அதிபருக்குப் போன அன்னவிளக்கு: எப்படி ரசிப்பது?

நத்தத்தில் ஒரு காதுகுத்து என்றால், தாய்மாமன் சீர் வருவதைப் பார்க்கத் தெருவே வாசலில் நிற்கும். தட்டுகளை எண்ணுவது சிறுவர்களின் வேலை. பெரியவர்களின் கண், என்ன பொருள், எந்த ஊர் வேலை, முன்பு நடந்த செய்முறைக்கு இது என்ன பதில் என்று பார்க்கும். நாடுகள் தந்துகொள்ளும் பரிசை ரசிக்கவும் இந்தக் கண்தான் வேண்டும்.

பழகிப் பார்க்க ஒரு நல்ல சீர் இருக்கிறது. 2019 அக்டோபர் 11 அன்று மாமல்லபுரத்தில், சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்குப் பிரதமர் மோடி இரண்டு பொருள்களைக் கொடுத்தார். ஒன்று நாச்சியார்கோயில் கிளை அன்னவிளக்கு. மற்றொன்று, நடனமாடும் சரஸ்வதியின் தஞ்சாவூர் ஓவியம்.

பொருளைப் பாருங்கள்

உங்கள் வீட்டுக் குத்துவிளக்கின் முன் உட்காருங்கள். பாதம், தண்டு, தகழி, உச்சியில் அன்னம். மரையைத் திருகினால் ஒவ்வொன்றும் தனியே கழன்று வரும். அதிபருக்குப் போனதும் இந்தக் குடும்பத்து விளக்குதான். ஆறடி உயரம், 108 கிலோ எடை, பொன்முலாம், கூடுதலாகக் கிளைகள்.

நம் வழக்கத்தில் குத்துவிளக்கு பெண்ணோடு புகுந்த வீட்டுக்குப் போகும் பொருள். அது போய்ச் சேரும் வீடு உறவு வீடாகிவிடுகிறது. ஒரு நாட்டின் தலைவருக்கு அதையே கொடுக்கும்போது, சொல்ல வந்தது என்ன என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கைவேலையைப் பாருங்கள்

எட்டுக் கைவினைஞர்கள் 12 நாள் உழைத்த விளக்கு அது. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் இந்தத் தொழில் வேர்விட்டதற்கு ஆற்று வண்டல் மண் ஒரு காரணம். அந்த மண்ணில் அச்செடுத்து, உருக்கிய பித்தளையை ஊற்றி, ஆறியதும் கடைசல் பிடித்து, அரத்தால் ராவி, உளியால் கோடு போடுவார்கள். அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது விளக்குக் கடைக்குள் நுழைந்து அன்னத்தின் சிறகைத் தடவிப் பாருங்கள். கோடுகள் ஆழமாக, ஒன்றுக்கொன்று சிறு வேறுபாட்டோடு இருந்தால், உளி பிடித்த கையை உங்கள் விரல் உணரும்.

இடத்தைப் பாருங்கள்

சீர் எந்த வாசலில் இறங்குகிறது என்பதும் முக்கியம். மாமல்லபுரம் பல்லவர் துறைமுகம். காஞ்சிக்கு ஏழாம் நூற்றாண்டில் வந்தவர் சீன யாத்ரீகர் யுவான் சுவாங். கி.பி. 720-இல் தென்னிந்திய மன்னர் ஒருவர் பேசும் ஐந்நிறக் கிளியைத் தூதரோடு அனுப்பியதைத் தாங் அரசவைக் குறிப்பு சொல்கிறது. அவரைப் பல்லவன் ராஜசிம்மன் என்று வரலாற்றாய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். சோழர் தூது முத்தோடும் யானைத் தந்தத்தோடும் போனது. சீனாவின் குவான்சோ நகரில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அந்தக் கிளி போன கடல்வழியைப் பார்த்த கரையில்தான் இந்த விளக்கும் கைமாறியது.

எதிர்முறையைப் பாருங்கள்

மறுநாள் கோவளத்தில் இன்னொரு சுற்று. சிறுமுகை நெசவாளர்கள் ஷியின் முகத்தைச் சரிகையில் நெய்த பட்டு இங்கிருந்து போனது. மோடியின் முகம் பதித்த பீங்கான் தட்டு இங்கே வந்தது. பட்டு சீனா உலகுக்குத் தந்த பொருள். அதை நம் தறியில் நெய்து திருப்பித் தந்தோம். பீங்கானோ பழைய கப்பல் சரக்கு. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டின அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் வெளிவந்திருக்கின்றன. இரு வீட்டாரும் பழைய மொய்நோட்டைப் புரட்டிப் பார்த்துச் செய்தது போன்ற பொருத்தம்.

பிறகு நடந்ததையும் பாருங்கள்

எட்டு மாதம் கழித்து, 2020 ஜூனில் எல்லையிலுள்ள கல்வானில் இரு நாட்டுப் படைகளுக்கும் மோதல். நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அந்த இழப்பை எந்த விளக்கும் தடுக்கவில்லை. பரிசுக்கு அந்தச் சக்தி உண்டென்று நம்புவது தவறு.

ஆனாலும் நம்மூர்ப் பெரியவர்கள் பகையான வீட்டின் பெயரை மொய்நோட்டிலிருந்து அடிப்பதில்லை. பேச்சு மறுபடி தொடங்கும் நாளில், முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். கி.பி. 720-இன் கிளி அப்படி ஒரு வரியாக நின்றது. அன்னவிளக்கும் இனி ஒரு வரி. இன்று மாலை உங்கள் வீட்டு விளக்கில் திரி போடும்போது, யார் கொடுத்தது என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். ரசனை அங்கே தொடங்குகிறது.