ஜப்பானின் கோடைப் பழ இனிப்புகள்: ஒரு மதிப்பீடு

ஜப்பானில் கோடைக்கான பழ இனிப்புகள் ஜூன் மாத மழையோடு தொடங்கி, வெயில் தணியும் செப்டம்பர் வரை ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. ஜூனில் ஆப்ரிகாட் இனத்தைச் சேர்ந்த புளிப்பான உமேக் காயும் லோக்காட் பழமும். ஜூலையில் பீச், முலாம்பழம், தர்பூசணி. ஆகஸ்டு முதல் திராட்சை. பழம் மாற மாற இனிப்புக் கடையின் விலைப்பட்டியலும் மாறுகிறது. ஒரு விளைபொருள் நிறைந்த சுவையோடு கிடைக்கும் காலத்தை ஜப்பானியர் 'ஷுன்' என்கிறார்கள். அதற்கு முந்தைய முதல் வரவு 'ஹஷிரி'. பருவம் முடியும் தறுவாயில் கிடைப்பது 'நகோரி'. பருவத்தை இத்தனை நுணுக்கமாகக் கவனிக்கும் இந்த மரபு, சமையல் அறிவிலும் கைத்திறனிலும் போற்றத்தக்கது. ஆனால் பருவத்தையே விற்பனைச் சரக்காக்கும் போக்கும் இதே மரபுக்குள் வளர்ந்திருக்கிறது. இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

வளர்ந்த வழி

கோடையில் குளிர்ந்த இனிப்பு உண்பது ஒருகாலத்தில் அரசவைக்கு மட்டுமே வாய்த்தது. குளிர்காலத்தில் வெட்டியெடுத்த பனிக்கட்டியை 'ஹிமுரோ' எனப்பட்ட பனிக்கிடங்குகளில் புதைத்துக் காத்து, கோடையில் எடுத்தார்கள். ஏறத்தாழ கி.பி. 1000இல் அரண்மனைப் பெண் செய் ஷோனகோன் எழுதிய 'தலையணை நூல்', துருவிய பனியில் கொடிச்சாற்றுப் பாகு ஊற்றிப் புதிய உலோகக் கிண்ணத்தில் வைத்திருப்பதை நேர்த்தியான பொருள்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. இதுவே இன்றைய 'காகிகோரி'யின் முன்னோடி. யோகோஹாமாவில் 1869இல் பனிக்கட்டியும் ஐஸ்கிரீமும் விற்கும் கடை திறந்தது. பனி துருவும் இயந்திரத்துக்கு 1887இல் காப்புரிமை கிடைத்தது. அதன் பிறகு காகிகோரி படிப்படியாகத் தெருவுக்கும் திருவிழாவுக்கும் வந்து சேர்ந்தது.

பழத்தை இனிப்பின் நடுவில் வைக்கும் பழக்கத்துக்கு வயது குறைவு. தோக்கியோவின் அசகுசா பகுதியிலுள்ள ஃபுனாவா கடை 1903இல் 'மிட்சுமாமே'யைப் பரிமாறத் தொடங்கியது. அவித்த சிவப்புப் பட்டாணி, அகர் அகர் துண்டுகள், பழத்துண்டுகள் ஆகியவற்றின் மேல் பாகு ஊற்றித் தருவது அது. அதே நகரின் கின்சா பகுதியிலுள்ள வகமட்சு கடை 1930இல் அதோடு இனிப்புப் பயற்று விழுதைச் சேர்க்க, அது 'அன்மிட்சு' ஆனது. 1834இல் தொடங்கிய செம்பிகியா பழக்கடை மரபில் வந்த கின்சா செம்பிகியா, 1913இல் பழங்களை அமர்ந்து உண்பதற்கென்றே ஒரு கூடத்தைத் திறந்தது. உயரக் கோப்பையில் பழமும் ஐஸ்கிரீமும் அடுக்கித் தரும், இன்று நகரெங்கும் காணப்படும் பழப் பார்ஃபேக் கடைகளின் தொடக்கம் இத்தகைய கூடங்களில்தான் இருக்கிறது.

கைத்திறனின் வலிமை

இந்த இனிப்புகளின் முதல் பலம், கோடையின் வெப்பத்தை அறிந்து பொருளைத் தேர்ந்தெடுத்த விதம். ஜப்பானில் 'கான்டென்' எனப்படும் அகர் அகர் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. பாசிக் கூழை உறையவைத்து உலர்த்தினால் அது கெடாமல் நிற்கும் என்பது 17ஆம் நூற்றாண்டில் கியோத்தோ அருகே ஃபுஷிமியில் கண்டறியப்பட்டதாக வழிவழிச் செய்தி உண்டு. கரைந்த கான்டென் 40 பாகைக்குச் சற்றுக் கீழேயே கெட்டியாகிவிடும். அதை மீண்டும் உருக்க ஏறத்தாழ 85 பாகை வெப்பம் வேண்டும். வாயில் வைத்ததும் உருகும் ஜெலட்டின் ஜெல்லி ஆகஸ்டு வெயிலில் தட்டிலேயே தளர்ந்துவிடும். கான்டென் வடிவம் குலையாமல் நிற்கும். அன்னாசி, கிவி போன்ற பழங்களின் நொதிகள் ஜெலட்டினைச் சிதைக்கும். கான்டென் புரதமல்லாததால் அதற்கு அந்தத் தொல்லையில்லை. புளிப்புச் சாற்றோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் மட்டும் அதன் இறுகும் தன்மை குறையும். ஆகவே கான்டெனை முதலில் நீரில் முழுதாகக் கரைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சாற்றைச் சேர்க்கிறார்கள். சாற்றின் மணம் ஆவியாகிப் போகாமல் காப்பதும் இந்த முறைதான்.

இரண்டாவது பலம், பழத்தைப் பழமாகவே விட்டுவைக்கும் அடக்கம். கியோத்தோவின் ஓயிமட்சு கடை செய்யும் 'நட்சுகான்தோ' இதற்குச் சிறந்த சான்று. நட்சுமிகான் என்பது பம்ப்ளிமாஸ் வழிவந்த, புளிப்பும் இளங்கசப்பும் கொண்ட கோடை ஆரஞ்சு. அதன் மேற்பகுதியை மூடிபோல் வெட்டியெடுத்து, தோல் கிழியாமல் உள்ளிருக்கும் சதையைக் குடைகிறார்கள். பிழிந்த சாற்றோடு சர்க்கரையும் கான்டெனும் கலந்து, அதே தோலுக்குள் ஊற்றி உறையவைத்து மூடியை வைக்கிறார்கள். உண்பவர் தோலோடு வகிர்ந்து எடுத்துக்கொள்வார். பாலாடையும் இல்லை, நிறமூட்டியும் இல்லை. பழத்தின் கசப்பைக்கூட மறைக்கவில்லை. சர்க்கரை குறைவாக இருக்கும்போதுதான் பழத்தின் குணம் தெரியும் என்பதை இந்த இனிப்பு செய்து காட்டுகிறது.

காகிகோரியிலும் இத்தகைய நுட்பம் உண்டு. நிக்கோ, சிசிபு போன்ற மலைப்பகுதிக் குளங்களில் குளிர்காலத்தில் மெல்ல உறையும் பனிக்கட்டியை இன்னும் சிலர் அறுவடை செய்கிறார்கள். மெல்ல உறைந்த கட்டியில் காற்றுக்குமிழி குறைவு. உறைபெட்டியிலிருந்து எடுத்ததும் துருவாமல், பரப்பு பளபளக்கும் வரை வெளியில் வைத்திருந்து துருவினால் இழைகள் இறகுபோல் மென்மையாக வரும். அதன் மேல் பீச் அல்லது முலாம்பழத்தை மசித்து ஊற்றும்போது, பாகு அடியில் வடிந்துபோகாமல் இழைகளுக்கிடையே தங்கும்.

மூன்றாவது பலம் வீடுகளில் இருக்கிறது. ஜூனில் பச்சை உமேக் காய் சந்தைக்கு வந்ததும், காம்பை நீக்கி, கழுவித் துடைத்து, எடைக்கு எடை கற்கண்டோடு கண்ணாடிச் சாடியில் அடுக்குவது பல குடும்பங்களின் ஆண்டு வேலை. சில வாரங்களில் காய் சுருங்கி, சாறு முழுவதும் பாகாக வெளியேறும். கோடை முழுவதும் அதை நீரில் கலந்து பருகலாம், ஜெல்லி செய்யலாம், துருவிய பனியில் ஊற்றலாம். செலவு குறைந்த, வீணாகாத, பருவத்துக்கு உண்மையான இனிப்பு இது. இந்த மரபின் பெருமையைப் பேசுவோர் கின்சாவின் கண்ணாடிப் பேழைகளைக் காட்டிலும் இந்தச் சாடிகளையே முதலில் காட்ட வேண்டும்.

பருவமும் பசுமைக்குடிலும்

குறைகள் தொடங்குவது, 'பருவம்' என்ற சொல் மட்டும் நின்று அதன் உள்ளடக்கம் நழுவும் இடத்தில். மியாசகி மாநிலத்தின் 'சூரியனின் முட்டை' மாம்பழம் 350 கிராமுக்கு மேல் எடையும் 15 விழுக்காட்டுக்கு மேல் சர்க்கரைச் செறிவும் இருந்தால்தான் அந்தப் பெயரைப் பெறும். ஒவ்வொரு பழத்துக்கும் வலை கட்டி, கனிந்து தானே விழும் வரை காத்திருக்கிறார்கள். இந்தப் பொறுமை பாராட்டுக்குரியது. ஆனால் அந்த மரங்கள் குளிர்காலம் முழுவதும் எரிபொருளால் சூடேற்றப்படும் குடில்களில் நிற்கின்றன. முதல் பழங்கள் ஏப்ரலிலேயே ஏலத்துக்கு வந்துவிடுகின்றன. ஷிசுவோக்காவின் முலாம்பழமோ கண்ணாடிக் குடில்களில் ஆண்டு முழுவதும் விளைகிறது. இவற்றை 'கோடையின் கொடை' என்று விளம்பரம் செய்வது முழு உண்மையாகாது.

ஸ்ட்ராபெரியின் கதை இன்னும் தெளிவானது. கிறிஸ்துமஸ் கேக்குக்கான தேவையால் குளிர்காலப் பழமாக மாற்றப்பட்ட அது, உள்நாட்டில் பெரும்பாலும் டிசம்பர் முதல் மே வரை விளைகிறது. வெண்ணெய்ப்பாலேடு தடவிய கேக்கின் மேல் சிவப்புப் பழம் எப்போதும் இருந்தாக வேண்டும் என்ற வழக்கத்தால், கோடையில் கலிஃபோர்னியாவிலிருந்து பழம் வரவழைக்கப்படுகிறது. பருவத்தைப் போற்றும் அதே இனிப்புக் கடைகள்தான் பருவத்தைத் தலைகீழாக்கவும் செய்திருக்கின்றன.

தோற்றத்தின் விலை

ஷிசுவோக்காவின் உயர்தர முலாம்பழத்துக்கு ஒரு கொடியில் ஒரே பிஞ்சை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுகிறார்கள். ஒக்காயாமாவின் வெண்பீச் பழங்களுக்கு ஒவ்வொன்றாக உறை மாட்டுகிறார்கள். சுவையைக் கூட்டும் உழைப்போடு கறையற்ற தோற்றத்துக்கான உழைப்பும் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. அதன் செலவு நுகர்வோர் தலையில் விழுகிறது. யூபாரி நகரின் முலாம்பழ இணை ஒன்று 2019ஆம் ஆண்டின் முதல் ஏலத்தில் 50 லட்சம் யென்னுக்குப் போனது. இத்தகைய ஏலம் விளம்பரத்துக்கானதுதான். என்றாலும் பழம் என்றால் அரும்பொருள் என்ற எண்ணத்தை அது ஆண்டுதோறும் உறுதிப்படுத்துகிறது. பெயர்பெற்ற கூடங்களில் ஒரு பீச் பார்ஃபே 2,000 யென்னைத் தாண்டுவது இயல்பாகிவிட்டது. மறுமுனையில், திருவிழாக் கடையில் சில நூறு யென்னுக்குக் கிடைக்கும் காகிகோரியின் மேல் ஊற்றும் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பாகுகள் பெரும்பாலும் ஒரே சர்க்கரைப் பாகுதான். வேறுபடுவது நிறமும் மணமூட்டியும் மட்டுமே. கையில் காசிருப்பவருக்குப் பழம், மற்றவருக்குப் பழத்தின் நிறம் என்ற நிலை ஓர் உணவுப் பண்பாட்டுக்குப் பெருமை சேர்க்காது.

இதன் விளைவு அன்றாட உணவில் தெரிகிறது. ஒருவர் நாளொன்றுக்கு 200 கிராம் பழம் உண்ண வேண்டும் என்பது ஜப்பானிய அரசின் சுகாதார இலக்கு. உண்மையில் உண்பதோ சராசரியாக 100 கிராம் அளவுதான். விலை ஒன்றே இதற்குக் காரணமல்ல. ஆனால் பழத்தைப் பரிசாகவும் இனிப்பாகவும் மட்டுமே பார்த்துப் பழகிய மனநிலைக்கும் இதில் பங்குண்டு. நடு ஆண்டில் வழங்கும் 'சூகென்' பரிசுகளில் பழ ஜெல்லிப் பெட்டிகள் நிரந்தர இடம் பிடித்துள்ளன. நன்றி சொல்லும் அழகான வழக்கம் அது. ஆனால் ஒவ்வொரு ஜெல்லிக்கும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதற்கொரு தட்டு, அதன்மேல் பெட்டி, பெட்டிக்கு மேல் தாள் என்று பொதிவது உண்ணும் பொருளுக்குப் பொருந்தாத அளவில் குப்பை சேர்க்கிறது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் சட்டம் இலவசக் கரண்டி, முட்கரண்டி போன்ற 12 பொருள்களைக் குறைக்கச் சொல்கிறது. பரிசுப் பெட்டியின் அடுக்கடுக்கான உறைகள் அந்தப் பட்டியலில் இல்லை.

வெயிலும் ஒற்றை வகையும்

அண்மைக் கோடைகளின் கடும் வெப்பம் இன்னொரு பலவீனத்தை வெளிப்படுத்தியிருக்கிறது. இரவிலும் வெப்பம் தணியாதபோது கியோஹோ போன்ற கருந்திராட்சைக்கு நிறம் ஏறுவதில்லை. நிறம் ஏறாத குலைக்கு நல்ல விலை கிடைப்பதில்லை. 2006இல் பதிவான ஷைன் மஸ்கட் பச்சை நிறத்திலேயே கனிவது. விதையின்றி விளைவிக்கக்கூடியது, தோலோடு உண்ணத்தக்கது. ஆகவே விவசாயிகள் பலர் அதற்கு மாறினார்கள். கடைகளின் பார்ஃபே, கேக், அரிசிமாவு இனிப்பான மோச்சி எல்லாவற்றிலும் அதே பச்சைத் திராட்சை வந்து அமர்ந்தது. விவசாயியின் முடிவு நியாயமானது. ஆனால் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்ட இனிப்பு வரிசை ஒரே முகம் பெறுவது இழப்புதான்.

எடைபோட்டால்

பலமும் குறையும் எங்கே பிரிகின்றன என்பதற்கு நட்சுமிகானின் வரலாறே விடை தருகிறது. யமகுச்சி மாநிலத்தின் ஹாகி நகரில், மெய்ஜி ஆட்சி மாற்றத்தால் வாழ்விழந்த சாமுராய்க் குடும்பத்தினர் பிழைக்கும் வழியாக 1876 முதல் இந்த மரங்களைப் பரவலாக நட்டார்கள். 1971இல் எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட்டின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டதும், புளிப்புப் பழத்தை வாங்க ஆளில்லாமல் தோட்டக்காரர்கள் இனிப்பான வகைக்கு மாறினார்கள். அப்போது நட்சுகான்தோவின் செய்முறையை எளிதான பழத்துக்கு மாற்றாமல், பழைய மரங்களைத் தொடர்ந்து வளர்க்கும்படி ஹாகி விவசாயிகளை ஓயிமட்சு கடை கேட்டுக்கொண்டது. இன்றும் அந்த இனிப்பு ஏப்ரலில் தொடங்கி, ஆண்டின் பழம் தீர்ந்ததும் நின்றுவிடுகிறது.

இனிப்பு மரத்துக்கு ஏற்ப நடக்கும்போது ஒரு பழ வகை பிழைக்கிறது, விவசாயிக்கு வாங்குபவர் உறுதியாகிறார், உண்பவருக்குக் காத்திருந்த சுவை கிடைக்கிறது. மரம் இனிப்புக் கடைக்கு ஏற்ப நடக்க வேண்டியிருக்கும்போது எரிபொருளும் உறைகளும் விலையும் பெருகுகின்றன. ஜப்பானின் கோடைப் பழ இனிப்பு மரபு காக்கப்பட வேண்டியதே. அதற்குத் தேவையானவை மூன்று: வடுப்பட்ட பழத்துக்கும் ஜெல்லியிலும் பாகிலும் கௌரவமான இடம், பரிசுப் பெட்டிக்கு எளிய உறை, சரக்கு தீர்ந்தது என்று சொல்லத் தயங்காத கடை. இவற்றுக்கான கைத்திறன் அந்த மரபுக்குள்ளேயே ஏற்கெனவே இருக்கிறது.