கேபிளுக்கு ஞாபகசக்தி உண்டா?

விழா முடிந்ததும் மைக் கேபிளை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையே மளமளவென்று சுற்றிக் கட்டிவைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மறுமுறை விரிக்கும்போது அது பாம்பெனச் சுருண்டு நெளியும்; நாளடைவில் ஒலிபெருக்கியில் 'கரகர' ஓசையும் கேட்கும். காரணம் கேட்டால், "கேபிளுக்கு ஞாபகசக்தி உண்டு, அதன் போக்கிலேயே சுற்ற வேண்டும்" என்பார்கள் தொழிலறிந்தவர்கள். அறிவுரை நல்லதே. ஆனால் விளக்கம் பாதிதான் சரி. ஏனெனில் அது இரு வேறு நிகழ்ச்சிகளை ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது.

முதலாவது, பொருளின் குணம். பி.வி.சி. உறையுள்ள கேபிளை நெடுநாள் வளைத்து, அதிலும் வெப்பமான இடத்தில், வைத்தால் உறை அவ்வளைவிலேயே ஓரளவு படிந்துவிடுகிறது. இதை ஞாபகம் என்றால் தவறில்லை.

இரண்டாவது, முறுக்கு. இது புத்தம்புதிய கேபிளிலும் விழும். ஒரு ரிப்பனை விரல்களில் ஒரே பக்கமாக 5 சுற்று சுற்றுங்கள். சுருளைக் கழற்றி, இரு முனைகளையும் திரும்பாமல் பிடித்து இழுங்கள். ரிப்பனில் 5 முழு முறுக்குகள் இருக்கும். ரிப்பனுக்கு ஏது ஞாபகம்? சுருள் மறைந்தால் முறுக்காக மாறும் என்பது வடிவ கணிதம். இதற்கு அடிப்படையான சூத்திரத்தை ருமேனியக் கணித அறிஞர் கலுகரேனு 1961-இல் தந்தார். டி.என்.ஏ. இழைகள் சுருள்வதை ஆராயவும் அதுவே பயன்படுகிறது.

இனிக் கணக்கிடுவோம். 10 மீட்டர் கேபிளை 30 செ.மீ. விட்டத்தில் சுற்றினால் ஏறத்தாழ 10 சுற்று வரும். சுருளைத் தரையில் வைத்து முனையை இழுத்தால் 10 முறுக்கு விழும். உள்ளேயிருக்கும் மெல்லிய செப்பு இழைகளும், வெளி மின்னிரைச்சலைத் தடுக்கும் கம்பி வலையும் மீண்டும் மீண்டும் முறுக்கப்பட்டுத் தளர்கின்றன. சில இழைகள் அறுகின்றன. முழங்கைச் சுற்றில் குறுகிய மடிப்புகளும் சேர்ந்து தீங்கைப் பெருக்குகின்றன.

பரிகாரம் எளிது. ஒரு சுற்றை வழக்கம்போல் மேலாகவும், அடுத்த சுற்றை மணிக்கட்டைத் திருப்பிக் கீழாகவும் சேர்க்க வேண்டும். எதிரெதிர் முறுக்குகள் ஒன்றையொன்று நீக்கிவிடும். இம்முறையிலும் ஒரு குறை உண்டு: முனை சுருளுக்குள் நுழைந்துவிட்டால், இழுக்கும்போது வரிசையாக முடிச்சுகள் விழும். எனவே முனையை வெளியே விட்டு, பருத்தி நாடாவால் இறுக்காமல் கட்டி, ஆணியில் அல்லாமல் அகலமான கொக்கியில், வெயில் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். உருளையில் சுற்றுவதும் நன்றே; ஆனால் விரிக்கும்போது உருளை சுழல வேண்டும்.

'ஞாபகம்' என்று மட்டும் கேட்டுப் பழகிய உதவியாளர் சொன்னபடி செய்வார். காரணம் அறிந்தவரோ தோட்டத்து ரப்பர் குழாயையும் தாம்புக்கயிற்றையும்கூடச் சிக்கலின்றிச் சுற்றுவார். தொழில் கற்பிப்போர் அந்த 5 சுற்று ரிப்பன் சோதனையை முதல் நாளே செய்துகாட்டினால், பின்னாளில் கடிந்துகொள்ளும் தேவை குறையும்.