புகழ் பெற்ற ஊர்களும் பயணியின் தராசும்

எமது சஞ்சிகைகளிலும் ஞாயிறு இதழ்களிலும் வெளியாகும் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்போர் ஒன்றை அவதானித்திருப்பர். அவற்றில் ஏமாற்றமடைந்த பயணியைக் காண்பது மிக அரிது. இஸ்தான்பூல் சென்றவர் ஆயா சோபியாவின் முன் மெய்சிலிர்க்கிறார். கெய்ரோ சென்றவர் பிரமிட்டுகளைக் கண்டு வாயடைத்து நிற்கிறார். ஸ்பெயின் சென்றவர் அல்ஹம்ராவில் கண்கலங்குகிறார். இந்தக் கண்ணீரும் சிலிர்ப்பும் பொய் என்று சொல்வதற்கில்லை. ஆயின் பத்துப் பேர் ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரே வார்த்தைகளில் அழும்போது, பயணி போய்ச் சேருமுன்னரே வார்த்தைகள் போய்ச் சேர்ந்துவிட்டனவோ என்ற ஐயம் வாசகனுக்கு எழத்தான் செய்யும்.

எமது முன்னோரின் பயண மரபே போற்றும் மரபுதான் என்று இதற்குச் சிலர் நியாயம் கற்பிப்பதுண்டு. அம்மரபின் மூலநூல்களைப் புரட்டிப் பார்த்தால் இக்கூற்று நிற்காது.

ஸ்பெயின் நாட்டு வலன்ஸியாவில் 1145இல் பிறந்த இப்னு ஜுபைர், கிரனாடா ஆளுநரிடம் செயலாளராகப் பணியாற்றியவர். 1183இல் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டு 1185இல் ஊர் திரும்பினார். ஹஜ்ஜை முடித்துக்கொண்டு 1184இல் அவர் பக்தாத் வந்தார். அன்றைய முஸ்லிம் உலகில் பக்தாதைவிடப் பெரிய பெயர் ஏது? கலீபாவின் தலைநகர் அது. ஆனால் இப்னு ஜுபைர் அங்கு கண்டது, பெயர் மட்டும் மிஞ்சி நிற்கும் ஒரு பழைய நகரத்தையே. பார்ப்பவனை நிறுத்தி வைக்கும் அழகு எதுவும் அங்கில்லை என்றும், தைகிரிஸ் நதி மட்டும் விதிவிலக்கு என்றும் எழுதுகிறார். நகர மக்கள் பணிவு காட்டுவதுபோல நடித்தாலும் அகந்தை மிக்கவர்கள், அந்நியரை மதியாதவர்கள், நிறுவையில் ஏய்ப்பவர்கள் என்றும் குறைப்படுகிறார். அதேவேளை, அங்கு இப்னுல் ஜவ்ஸியின் உபதேச மஜ்லிஸில் அமர்ந்து கேட்டதை உருகி உருகி வருணிக்கிறார். ஊர் பிடிக்கவில்லை என்பதற்காக அந்த ஊரின் அறிஞரை அவர் விட்டுவிடவுமில்லை. அறிஞரின் பெருமைக்காக ஊரைப் பூசி மெழுகவுமில்லை.

பக்தாதின் வீழ்ச்சி என்றால் 1258ஆம் ஆண்டையும் ஹுலாகுவின் படையையுமே நாம் நினைக்கிறோம். அதற்கு 74 ஆண்டுகளுக்கு முன்பே அந்நகரின் பொலிவு தேய்ந்திருந்தது என்பதற்கு இப்னு ஜுபைரின் ஏமாற்றமும் ஒரு சாட்சி. அவரும் மற்றவர்களைப் போலப் புகழ்மாலை பாடியிருந்தால் இந்தச் சாட்சி எமக்குக் கிடைத்திராது.

இப்னு பதூதாவின் நிலை வேறு. 1325இல் தஞ்ஜியரிலிருந்து புறப்பட்ட அவர், தம் பயணங்களைப் பின்னாளில் மொறோக்கோவின் பாஸ் நகரில் சொல்ல, இப்னு ஜுஸை எழுத்தாக்கினார். 1355இல் நிறைவுற்ற அந்நூலில் டமஸ்கஸின் அழகைச் சொல்லுமிடத்தில் இப்னு ஜுபைரின் வருணனையே எடுத்தாளப்படுகிறது. பக்தாதுக்கும் அவ்வாறே. வேறு சில இடங்களில் பெயர் குறிப்பிடாமலும் அவருடைய வசனங்கள் புகுந்திருப்பதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். 1184இல் ஒருவர் கண்ட டமஸ்கஸ், 1326இல் அங்கு போனவரின் நூலிலும் அதே சொற்களில் ஒளிர்கிறது. இரவற் புகழ் இன்றைய நோயல்ல.

ஆனால் இப்னு பதூதா தம் சொந்தக் குரலில் பேசுமிடங்கள் வேறு சுவை தருபவை. சீனத்தின் வளத்தையும் பாதுகாப்பையும் கைவினையையும் அவர் தாராளமாகப் பாராட்டுகிறார். ஆயினும் அந்நாடு தம் மனதுக்கு ஒப்பவில்லை என்கிறார். தம் மார்க்கத்துக்கு அந்நியமான சூழல் உறுத்தியதால் அவசியமின்றி வீட்டைவிட்டு வெளியேறாமல் இருந்தாராம். அங்கு முஸ்லிம்களைக் கண்டபோது சொந்தபந்தங்களைக் கண்டதுபோல இருந்ததாம். 1352இல் மாலி நாட்டுக்குச் சென்றபோது, மன்னரின் விருந்துபசாரப் பொருள் என்று வந்தது மூன்று ரொட்டியும் ஒரு துண்டு இறைச்சியும் தயிருமே என்று சிரிக்கிறார். அதே மக்களின் நீதியுணர்வையும் தொழுகைப் பேணுதலையும் குர்ஆன் மனனத்தில் காட்டிய கண்டிப்பையும் மெச்சுகிறார். ஊரைச் சொல்லும்போதே தம் தராசையும் அவர் மேசைமீது வைத்துவிடுகிறார். அரச உபசரணைக்குப் பழகிய ஒரு காழியின் தராசு அது. வாசகன் எடையைச் சரிபார்த்துக் கொள்ளலாம்.

இந்த நூலை நாம் எப்படி வாசித்தோம்? 1344இல் அவர் இலங்கைக்கு வந்தார் என்பதும், புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்துப் பாவாதமலையைத் தரிசிக்க விரும்பியதும், கொழும்பை அழகிய பெருநகர் என்றதும் எமது வரலாற்றுக் கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. எமது தொன்மைக்கு ஆதாரம் தேவைப்பட்ட சமூகம் நாம், அதில் தவறில்லை. ஆனால் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய அளவுக்கு எழுத்தாளராக வைத்து வாசிக்கவில்லை. அவருடைய விருப்பு வெறுப்பு, முணுமுணுப்பு, வீண் பெருமை எதுவும் எமது பயண எழுத்துக்குப் பாடமாகவில்லை.

இனி, ஏமாற்றம் அனைத்தும் உண்மை என்று கொள்வதும் ஆபத்தானது. 1867இல் ‘குவேக்கர் சிட்டி’ என்ற கப்பலில் புறப்பட்ட மார்க் ட்வைன், 1869இல் வெளியிட்ட நூலில் ஐரோப்பாவினதும் பலஸ்தீனத்தினதும் புகழை நார்நாராகக் கிழித்தார். சக யாத்திரிகர் ஊர் திரும்பியதும் பலஸ்தீனத்தைத் தமக்குத் தோன்றியவாறு சொல்லமாட்டார்கள். தாம் வாசித்த நூலாசிரியர்களுக்குத் தோன்றியவாறே சொல்வார்கள் என்று அவர் பரிகசித்தது இன்றைக்கும் பொருந்தும் விமர்சனம். எனினும் அவருடைய ஏமாற்றத்துக்கும் ஒரு முன்கதை இருந்தது. ஞாயிறு பாடசாலையில் கற்ற வேதாகமச் சித்திரங்கள் பிரமாண்டமானவை. கண்ணெதிரே இருந்ததோ சிறிய, வறண்ட நிலம். அவர் அங்கு சென்றது செப்டம்பரில். நீண்ட கோடையின் பின் மழை இன்னும் இறங்காத காலம். கலிலேயக் கடலை அமெரிக்காவின் தாஹோ ஏரியோடு ஒப்பிட்டு அவர் தாழ்த்தினார்.

இது வெறும் சுவை வேறுபாடாக முடிந்துவிடவில்லை. பலஸ்தீனத்தை ஆளற்ற தரிசு நிலமாகச் சித்திரிக்க விரும்பியோர் பின்னாளில் ட்வைனின் வரிகளைச் சான்றாக ஏந்தினர். நாப்லுஸ் பள்ளத்தாக்கின் செழிப்பான பயிர்ச்செய்கையை அதே நூலில் அவர் பதிந்திருப்பதை மட்டும் விட்டுவிட்டனர். ஒரு சுற்றுலாப் பயணியின் சலிப்பு, ஒரு மக்கள் கூட்டத்தை அவர்களின் சொந்த மண்ணிலிருந்து அழிக்கும் வாதத்துக்கு உதவக்கூடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

ஆகவே புகழ்வதா இகழ்வதா என்பது விமர்சகனின் முதற் கேள்வியல்ல. எழுதியவர் எந்தப் பருவத்தில் போனார், எவரோடு பேசினார், எதை எதிர்பார்த்துச் சென்றார், எதனோடு ஒப்பிட்டார் என்பவை பிரதியில் தெரிகின்றனவா என்பதே கேள்வி. அவை தெரிந்தால் அவருக்குப் பிடித்தது எமக்குப் பிடிக்காமற் போனாலும் அந்த எழுத்து பயன்படும். தெரியாவிட்டால் அது பயண முகவரின் துண்டுப்பிரசுரத்துக்குச் சற்று நீண்ட வடிவம், அவ்வளவே.

ஹஜ் பயண நூல்களில் இது இன்னும் கூர்மையாகிறது. கஃபாவைக் கண்ட உள்ளத்தின் நடுக்கத்தை எவரும் மதிப்பிட முடியாது, மதிப்பிடவும் கூடாது. ஆனால் அதைச் சூழ்ந்த யாவும் அந்தப் புனிதத்தில் பங்குதாரர் அல்ல. உஸ்மானியர் கட்டிய அஜ்யாத் கோட்டை 2002இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் 2012இல் முற்றுப்பெற்ற, 601 மீற்றர் உயரமான மணிக்கூட்டுக் கோபுரத்துடன் ஹோட்டல் தொகுதி எழுந்தது. அக்கோபுரத்தை வியக்கும் எமது எழுத்துகளில், கீழே என்ன இருந்தது என்று கேட்பவை எத்தனை?

இப்னு ஜுபைர் இங்கும் வழிகாட்டுகிறார். செங்கடற்கரை அய்தாப் துறைமுகத்தில் ஹாஜிகளைப் படகுகளில் ஒருவர்மேல் ஒருவராக அடைத்துக் காசு பறித்தவர்களை அவர் பெயர் சொல்லாத குறையாகச் சாடுகிறார்; அவ்வழியை நாடவேண்டாம் என்று எச்சரிக்கிறார். அந்தச் சாடலால் அவருடைய ஹஜ் எழுத்தின் பக்தி ஒரு துளியும் குறையவில்லை. மாறாக, வழியின் அநியாயத்தை மறைக்காதவர் என்பதனாலேயே ஹரமில் அவர் சிந்தும் கண்ணீரை நாம் நம்புகிறோம்.