வளர்ந்து உதிரும் குழல்கள்

ஒளிரும் சாயம் ஏற்றிய டியூபுலின் புரதத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்துச் சற்றுப் பொறுமையோடு பார்த்திருப்பவருக்கு, உயிரணுவின் உட்புறமெங்கும் நுண்குழல்கள் மெல்லிய கோடுகளாக நிதானமாக நீண்டு, கணப்பொழுது தயங்கி, சடுதியில் சுருங்கி, மீண்டும் வேறொரு திசையில் துளிர்க்கிற அபூர்வக் காட்சி புலப்படும். ஆல்பா, பீட்டா என்னும் இரு டியூபுலின் புரதங்கள் இணைபிரியாத ஜோடியாக மிதந்து வந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து சரமாகி, பெரும்பாலும் அத்தகைய 13 சரங்கள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, 25 நானோமீட்டர் குறுக்களவுள்ள குழலாகப் பூர்த்தியாகின்றன. எத்தனை சுத்தமான வேலை! ஜோடிகள் சுமந்துவரும் குவானோசின் டிரைபாஸ்பேட் நுனியில் சிதையாதிருக்கும்வரை குழல் வளர்கிறது. அந்தக் காப்பு நீங்கியதும் சரங்கள் வெளிப்புறமாக வளைந்து, பிரிந்து உதிர்கின்றன. உதிர்ந்தவையோ கொத்தனார் சாரத்தின் சவுக்குக் கம்புகளைப்போல அடுத்த கட்டுமானத்துக்கு மறுபடி பயன்படுகின்றன.

இக்குழல்களின் சாமர்த்தியம் முழுவதும் தெரிவது, என் அபிப்பிராயத்தில், உயிரணு இரண்டாகப் பிரிகிற வேளையில்தான். இரு துருவங்களிலிருந்தும் புறப்பட்ட குழல்கள் நாற்புறமும் துழாவி, எதுவும் அகப்படாதவை சலிப்பின்றிக் கரைந்து புதிதாக முளைக்க, குரோமோசோமைப் பற்றிக்கொண்டவை மட்டும் ஸ்திரமடைந்து, அதை மத்திய ரேகைக்கு மெல்ல இட்டுச்செல்கின்றன.