அறிவுப்பகிர்வு அமைப்புகளும் பணியாளர் ஏற்பும்: தொழில்நுட்ப ஏற்பு மாதிரி குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

நிறுவனங்களில் நிறுவப்படும் அறிவுப்பகிர்வு அமைப்புகளைப் பணியாளர்கள் ஏற்கின்றனரா என்பதை ஆராயும் ஆய்வுகள் பல, பிரெட் டேவிஸ் 1989-இல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரியை அடிப்படையாகக் கொள்கின்றன. ஓர் அமைப்பு பயன்தரும் என்ற எண்ணமும், அதைக் கையாள்வது எளிது என்ற எண்ணமுமே ஏற்பைத் தீர்மானிக்கின்றன என்பது இம்மாதிரியின் சாரம். அறிவுப்பகிர்வுக்கு இம்மாதிரி எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெறுதலும் தருதலும்

டேவிஸ் தம் மாதிரியைச் சோதித்தது மின்னஞ்சல், கோப்புத் திருத்தி, வரைபடம் வரையும் மென்பொருள் ஆகியவற்றைக் கொண்டாகும். இவை ஒருவர் தம் சொந்த வேலையை விரைந்து முடிக்க உதவும் கருவிகள். பயனும் உழைப்பும் ஒருவரிடமே அமைகின்றன. அறிவுப்பகிர்வு அமைப்பின் இயல்பு வேறு. அதில் எழுதிச் சேர்ப்பவர் ஒருவர். எடுத்துப் பயன்கொள்பவர் மற்றொருவர். ‘இவ்வமைப்பு எனக்குப் பயன்படுகிறது’ என்ற வினாவிற்குக் கிடைக்கும் உடன்பாட்டு விடை, பெறுபவரின் மனநிலையை மட்டுமே காட்டும். தருபவர் எதை இழப்பதாகக் கருதுகிறார் என்பது வினாநிரலுக்குள் வருவதே இல்லை.

இரு சான்றுகள்

இன்ஃபோசிஸ் நிறுவனம், ஊழியர்களின் பட்டறிவைத் திரட்டக் ‘கே-ஷாப்’ என்னும் இணையவாயிலை அமைத்தது. பங்களிப்பைப் பெருக்க, பரிசாக மாற்றிக்கொள்ளத்தக்க ‘அறிவு நாணய அலகு’ என்னும் புள்ளிமுறையையும் கொண்டுவந்தது. கருட், குமாரசாமி ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவைக் காட்டுகிறது. பதிவுகள் பெருகின, ஆனால் தரம் ஐயத்திற்குரியதாயிற்று, தேடுவோருக்குச் சுமை கூடியது. பின்னர் அம்முறை திருத்தப்பட்டது. பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் நோக்கியிருந்தால், தரம் குன்றிய அக்காலமே ஏற்பின் உச்சமாகத் தோன்றியிருக்கும்.

இதற்கு மாறானது ஜெராக்ஸ் நிறுவனத்தின் ‘யுரேகா’. நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்போர் தாம் கண்ட தீர்வுகளை அதில் பதிந்தனர். பணப்பரிசு தவிர்க்கப்பட்டது. சக பணியாளர்கள் சரிபார்த்த பின்னரே ஒவ்வொரு குறிப்பும் எழுதியவரின் பெயருடன் வெளியிடப்பட்டது. தருபவர் இழந்ததற்கு ஈடாக மதிப்பைப் பெற்றார் எனலாம்.

கடலூர் மாவட்டக் களம்

ஸ்ரீமுஷ்ணத்திற்கு வடக்கே, நெய்வேலியில் 1956-இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம் இவ்வினாவைக் கூர்மையாக்கும் களமாகும். கடினமான கடலூர் மணற்கல்லை அகழ்தல், சுரங்கத்தின் கீழ் அழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்துதல் போன்ற பணிகளில் கைவரும் நுணுக்கம் கையேட்டில் முழுதும் அடங்காது. நோனாகா, டகேயுச்சி ஆகியோர் வலியுறுத்தும் உள்ளுறை அறிவு இதுவே.

இங்கு நிரந்தரப் பணியாளருடன் ஒப்பந்தத் தொழிலாளரும் பணிபுரிகின்றனர். பணிநிரந்தரம் அவர்களது நெடுநாள் கோரிக்கை. ஓய்வை நெருங்கும் நிரந்தரப் பணியாளருக்குத் தம் அறிவைப் பதிவது ஒரு கொடையாகத் தோன்றலாம். ஒப்பந்தத் தொழிலாளருக்கோ அவ்வறிவே பேரம் பேசும் வலிமை. அதை எழுதிக் கொடுத்தபின் அவரிடத்தில் வேறொருவரை அமர்த்துதல் எளிதாகிவிடும். அவர் தயங்கினால், அதைக் கணினிப் பயிற்சியின்மை என்றோ மாற்றத்திற்கு எதிரான மனப்பான்மை என்றோ வகைப்படுத்துவது பிழை. அது தன் நிலையறிந்த முடிவு. பயிற்சி வகுப்புகளால் அத்தயக்கம் நீங்காது.

முடிவுரை

ஏற்பு என்பது கருவியின் மீதான மனப்பான்மை மட்டுமன்று. நிறுவனத்தின் மீதான நம்பிக்கையும் ஆகும். எனவே இத்துறையில் வினாநிரல் வகுப்போர் தருபவரையும் பெறுபவரையும் தனித்தனியே வினவுதல் வேண்டும். பணிநிலைப் பாதுகாப்பை ஒரு மாறியாகக் கொள்ளுதல் வேண்டும். பதிவுகளின் எண்ணிக்கைக்கு மாறாக, அவை பிறரால் எடுத்தாளப்பட்டமையை அளத்தல் வேண்டும். இவையின்றிப் பெறப்படும் உயர்ந்த ஏற்பு விழுக்காடு, அறிவு பகிரப்பட்டதற்குச் சான்றாகாது.