ரீமேப்பின் கணக்கில் கிளட்ச் எங்கே?

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் வந்தபோது மாருதியும் ஃபோக்ஸ்வாகனும் இந்தியாவில் டீசல் கார் விற்பதை நிறுத்திக்கொண்டன. இன்று ஓடும் டீசல் ஸ்விஃப்டும் போலோவும் வென்டோவும் அதற்கு முந்தியவை. இழுவையும் மைலேஜும் பழகிப்போனவர்கள் அவற்றை விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். புதுக் கார் வாங்குவதற்குப் பதிலாக இருக்கும் காருக்கே புது வேகம் கொடுக்க ரீமேப் கடைகளைத் தேடிப் போகிறார்கள். எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ.வில் உள்ள அட்டவணைகளை மட்டும் மாற்றி எழுதும் வேலை இது. ஆனால் காருக்கு வயதாகும்போது கிளட்ச்சும் தேய்ந்திருக்கும். ரீமேப் தீங்கான வேலை என்று நான் சொல்லவில்லை. அதை அளக்கும் கோல்தான் தவறு. கடைக்காரரும் வாடிக்கையாளரும் பேசுவது குதிரைத்திறனைப் பற்றி; கிளட்ச் தாங்க வேண்டியதோ முறுக்குவிசையை.

டர்போ டீசலில் ரீமேப் இவ்வளவு பலன் தருவதற்குக் காரணம் உண்டு. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் உள்ளே போகும் காற்றின் அளவை மென்பொருளால் கூட்ட முடியாது. அங்கே கிடைப்பது சொற்பம். டர்போ டீசலில் பூஸ்ட் அழுத்தத்தையும் டீசல் தெளிக்கும் அளவையும் சேர்த்துக் கூட்டினால் முறுக்குவிசை உடனே ஏறும். நிறுவனங்களும் பல நாட்டுத் தட்பவெப்பம், எரிபொருள் தரம், உத்தரவாதச் செலவு எல்லாவற்றையும் எண்ணி ஓரளவு இடைவெளி விட்டே அட்டவணை எழுதுகின்றன. அந்த இடைவெளியில் ஒரு பகுதியைக் கவனமாக எடுத்துக்கொண்டால், முழுச் சுமையோடு மலைப்பாதை ஏறும்போதும் லாரியை முந்தும்போதும் அடிக்கடி கியர் மாற்றும் தொல்லை குறைகிறது. இது மெய்யான நன்மை.

ஆனால் கிளட்ச்சுக்குக் குதிரைத்திறன் என்ற ஒன்றே தெரியாது. பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, கிளட்ச் பிளேட்டின் உராய்வு, அதன் ஆரம், இரண்டு உராய்வுப் பரப்புகள் ஆகியவற்றின் பெருக்கல்தான் அதன் கொள்ளளவு. எஞ்சின் தரும் முறுக்குவிசை அதைத் தாண்டும் நொடியில் பிளேட் வழுக்குகிறது. அதனால்தான் ரீமேப் செய்த காரில் ஸ்லிப் முதலில் தலைகாட்டுவது உச்ச ஆர்.பி.எம்.மில் அல்ல, நான்காம் ஐந்தாம் கியரில் 2000 ஆர்.பி.எம். பக்கம் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது. தாழ்ந்த கியரில் எஞ்சின் அந்தக் கட்டத்தை நொடியில் கடந்துவிடும். உயர்ந்த கியரில் உச்ச முறுக்குவிசையிலேயே பல நொடிகள் நிற்கும். ஆர்.பி.எம். முள் ஏறும், வண்டியின் வேகம் ஏறாது. 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் பிளேட் நிமிடத்துக்கு 500 சுற்று வழுக்கினால் அங்கே வெப்பமாக மாறும் திறன் ஏறக்குறைய 16 கிலோவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி பதினாறை அந்தச் சின்ன இடத்துக்குள் ஒரே நேரத்தில் எரியவிட்டதற்குச் சமம். சூடேறினால் உராய்வு குறையும். உராய்வு குறைந்தால் இன்னும் வழுக்கும். பிளேட்டின் முகம் ஒருமுறை கண்ணாடிபோல் மினுங்கிவிட்டால், பழைய அட்டவணையைத் திரும்ப ஏற்றினாலும் பழைய பிடிப்பு பெரும்பாலும் வருவதில்லை.

கிளட்ச் நன்றாக இருந்தால் தாங்கும், வழுக்கினால் அது ஏற்கெனவே தேய்ந்த கிளட்ச்தான், ரீமேப்பைக் குறை சொல்லாதே என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. இதில் பாதி உண்மை. எஞ்சினின் உச்ச முறுக்குவிசையைவிடக் கூடுதல் கொள்ளளவோடுதான் நிறுவனம் கிளட்ச்சை அமைக்கிறது. ஆனால் அந்தக் கூடுதல், யாரோ வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்த உபரி அல்ல. பிளேட் தேய்வது, நெரிசலில் கிளட்ச் சூடாவது, ஐந்து பேரும் மூட்டைகளுமாக ஏற்றத்தில் வண்டியைக் கிளப்புவது ஆகியவற்றுக்காக ஒதுக்கியது. ரீமேப் அந்த ஒதுக்கீட்டைத்தான் செலவழிக்கிறது. லாபம் முதல் நாளே தெரிகிறது. செலவோ பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்து, கியர்பாக்ஸை இறக்கும்போதுதான் தெரியும். அதற்குள் பழி மெக்கானிக் மீதோ ஓட்டுபவரின் இடது கால் மீதோ விழுந்திருக்கும்.

அதே எஞ்சினை நிறுவனமே கூடுதல் திறனில் விற்றதே என்பது அடுத்த வாதம். அந்த உதாரணங்களைச் சற்று உற்றுப் பார்த்தால் அவை எதிர்ப்பக்கம்தான் சாட்சி சொல்கின்றன. ஸ்விஃப்டில் இருந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின் 75 பி.எஸ். குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. எஸ்எக்ஸ்4 காரிலும் எர்டிகாவிலும் அதே எஞ்சின் 90 பி.எஸ்., 200 நியூட்டன் மீட்டர். திறன் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. முறுக்குவிசை கூடியது பத்தே பத்து. அந்தப் பத்துக்கும் வேறு வகை டர்போவைப் பொருத்தினார்கள். வென்டோ டீசலின் ஏழு கியர் டி.எஸ்.ஜி. தானியங்கி கியர்பாக்ஸ் இன்னும் தெளிவான சாட்சி. அந்த டிக்யூ200 கியர்பாக்ஸின் உலர் கிளட்ச்சுகளுக்கு ஃபோக்ஸ்வாகன் விதித்த எல்லை 250 நியூட்டன் மீட்டர், 1.5 லிட்டர் எஞ்சின் தருவதும் சரியாக 250. பின்னாளில் திறனை 105 பி.எஸ்.ஸிலிருந்து 110 பி.எஸ்.ஸாக உயர்த்தியபோதும் முறுக்குவிசையை அவர்கள் தொடவில்லை. தயாரித்தவர்கள் நகராத எல்லை அது. அதை ஒரு ரீமேப் கோப்பை ஏற்றிக் கடப்பது எனக்குத் துணிச்சலாகத் தெரியவில்லை, பொறுப்பின்மையாகத் தெரிகிறது.

இந்த உதாரணங்களிலேயே நல்ல ரீமேப்பின் இலக்கணமும் இருக்கிறது. திறன் என்பது முறுக்குவிசையும் சுழல்வேகமும் பெருகியது. 90 பி.எஸ். போலோ டீசல் 1500 முதல் 2500 ஆர்.பி.எம். வரை 230 நியூட்டன் மீட்டர் தருகிறது. உச்சத் திறன் வரும் 4200இல் அது ஏறக்குறைய 150ஆகச் சரிந்துவிடுகிறது. அந்த 150ஐ 185ஆக உயர்த்தினாலே திறன் 110 பி.எஸ். ஆகிவிடும், கிளட்ச் ஏற்கெனவே தாங்கிவரும் 230ஐத் தாண்ட வேண்டியதே இல்லை. ஆனால் விற்பனைக்கு உதவுவது முதுகை இருக்கையில் அழுத்தும் அந்த 2000 ஆர்.பி.எம். உந்துதல்தான்; ஆகவே பல கோப்புகள் கிளட்ச் மிகவும் அஞ்ச வேண்டிய இடத்திலேயே அள்ளிக் கொடுக்கின்றன. மேல் ஆர்.பி.எம்.மில் கூட்டுவதற்கும் விலை உண்டு: டர்போ வேகமாகச் சுழலும், எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறும், காற்று போதாவிட்டால் கரும்புகை வரும். எனவே அங்கேயும் எல்லை வேண்டும். இருந்தாலும் 1800க்குக் கீழே கை வைக்காமல், நடுப்பகுதியில் மிதமாகவும் மேலே சற்றுத் தாராளமாகவும் எழுதும் கோப்பு கிளட்ச்சோடு, எஞ்சின் அதிர்வை உள்வாங்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீலையும் காப்பாற்றும்.

கிளட்ச்சையே வலுவாக்கிவிடலாமே என்பவர்களுக்கு: ஆக்கலாம், பந்தயக் காருக்கு அதுதான் வழி. அன்றாடக் காரில் கடினமான பிரஷர் பிளேட் பெடலைக் கனமாக்கும், ரிலீஸ் பேரிங்கின் சுமையைக் கூட்டும். செராமிக் பிளேட் போட்டால் சிக்னலில் வண்டி கிளம்பும்போதெல்லாம் உதறும். டூயல் மாஸை எடுத்துவிட்டுத் திட ஃப்ளைவீல் போட்டால் டீசலின் அதிர்வு நேரே கியர்பாக்ஸுக்குப் போகும். வழுக்காத கிளட்ச் சுமையைக் கரைப்பதில்லை, அடுத்த பாகத்துக்குத் தள்ளிவிடுகிறது. சட்டத்தின் பக்கம் வேறு கேள்வி: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ரீமேப்புக்குப் போகுமுன் காப்பீட்டு ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

அதற்குப் பிறகும் ரீமேப் வேண்டும் என்பவர் கடையில் கேட்க வேண்டியது எத்தனை பி.எஸ். கூடும் என்பதல்ல. முறுக்குவிசை வளைகோடு எங்கே உச்சம் தொடுகிறது, காரின் கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்டுத்தான் எழுதுகிறீர்களா என்று கேட்க வேண்டும். காரை உருளைமேல் ஓட்டி அளக்கும் டைனோவில் ஏற்றினால் ஸ்லிப்பை ஒளிக்க முடியாது: ஒரே கியரில் ஆர்.பி.எம்.முக்கும் உருளையின் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறக்கூடாது. மாறினால் வழுக்கல் தொடங்கிவிட்டது. பழைய அட்டவணையிலேயே ஒரு ஓட்டம், புதியதில் ஒரு ஓட்டம், இரண்டின் பதிவையும் கையில் தரத் தயாராக இருக்கும் கடைக்குப் போகலாம். மலிவாகக் கிடைக்கும் டியூனிங் பாக்ஸை மட்டும் தவிர்த்துவிட வேண்டும். ரெயில் அழுத்த சென்சாரின் அளவைக் குறைத்துக் காட்டி இ.சி.யூ.வை ஏமாற்றுவதே அவற்றில் பலவற்றின் வேலை. மெய்யான முறுக்குவிசை எவ்வளவு என்று இ.சி.யூ.வுக்கே தெரியாதபோது, கிளட்ச்சைக் காக்க அதற்குள் எழுதிவைத்த வரம்பும் செயல்படாது.